தீட்டு நிற்கிற வயசும் நம்ம குழு நோட்டும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. எழுதி வச்சுத்தான் வாசிக்கிறேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அந்த ஒரு படிப்புக்காக 11 வருசமா எங்க குழுவுல கணக்கு நோட்டு என் கையில இருக்கு. போன வருசம் கடன் திருப்பிக் கட்டுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க, பேசினேன். இந்த வருசம் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். சொன்னதும் தலைவி அக்கா, "ஆம்பளைங்க வருவாங்களே புள்ள"ன்னாங்க. வரட்டும் அக்கா. அவங்க வீட்டுலயும் அம்மா, பொண்டாட்டி இருக்காங்கல்ல. வங்கி சார் எந்திரிச்சுப் போயிராதீங்க, கணக்கும் இதுல வரும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நடந்தது. எங்க குழுவுல 14 பேர். பிரதிநிதியா இருந்த அக்கா என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க. பேரு சொல்ல மாட்டேன். அவங்ககிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இதைப் பேசுறேன். இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. யாரும் திரும்பித் திரும்பித் தேட வேண்டாம்.

அவங்க ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. அது என்ன பாடுன்னு கம்பம் பள்ளத்தாக்குல யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, தூக்குவாளியில போட்டுக்கிட்டு, ஜீப்புல இடுக்கிப் பிடிச்சு உட்கார்ந்து, கம்பம்மெட்டு வளைவெல்லாம் ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் போகணும். பொழுது அடையுற நேரம்தான் இறங்குவாங்க.

ஐப்பசி மாசம் ஒரு சனிக்கிழமை கூட்டத்துல சேமிப்பும் கடன் தவணையும் சேர்த்து 4,350 ரூபாய் வசூல். திங்கக்கிழமை வங்கியில கட்டச் சொல்லி அந்த அக்கா கையில கொடுத்தோம். புதன்கிழமை பாஸ்புக்கைப் பார்த்தா வரவு இல்லை. கேட்டேன். முதல்ல "கட்டிட்டேனே"ன்னாங்க. அப்புறம் "உன்கிட்டதான திருப்பிக் கொடுத்தேன்"ன்னாங்க. கடைசியில "தெரியலைத்தா"ன்னாங்க. அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால வச்சு நான் கேட்டேன், "ஒரு பணத்துக்கு மூணு பதில் சொன்னா என்ன அர்த்தம்?"

அவங்க ஒண்ணும் பேசலை. காதுல கிடந்த கம்மலைக் கழட்டிப் பாயில வச்சாங்க. "பணம் கிடைக்கிற வரைக்கும் இது கிடக்கட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலை. நான் அதைத் தீர்மான நோட்டுல எழுதினேன். ஒரு ஜோடி கம்மல், எடை போடவில்லை, அப்படின்னு. அந்தப் பக்கம் இன்னைக்கும் நோட்டுல இருக்கு. கிழிக்கலாம்னு சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்.

தை மாசம் பொங்கலுக்கு வீடு ஒதுக்குறப்ப, அந்த அக்கா மக ஆணியில தொங்கின ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்திருக்கு. பையில கை விட்டா, வசூல் சீட்டோட மடிச்சபடி 4,350 ரூபாயும் இருந்துச்சு.

கம்மலை எடுத்துக்கிட்டு நான்தான் அவங்க வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கக்கூட வாய் வரலை. "ஏக்கா, குளிர் காலத்துல ஸ்வெட்டரை ஏன் ரெண்டு மாசமாத் தொடலை?"ன்னு அதைத்தான் கேட்டேன்.

"போட முடியலையே"ன்னாங்க. "ஜீப்புல எல்லாரும் குளிருக்குப் படுதாவை இறக்கிவிடச் சொல்றாங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள அடுப்பை மூட்டின மாதிரி குப்புன்னு ஏறுது. முகம், காது எல்லாம் காந்துது. ரவிக்கை நனைஞ்சு போகுது. அடுத்த வளைவு வர்றதுக்குள்ள உதறுது. படுதாவைத் தூக்கினா, உனக்கு மட்டும் இப்பச் சித்திரை மாசமான்னு சிரிக்கிறாங்க."

ராத்திரியும் அதே கதைதான். மூணு தடவை, நாலு தடவை வேர்த்து எந்திரிச்சு உட்கார்ந்திருவாங்களாம். நல்லாத் தூங்கியே மாசக் கணக்கு. எதை எங்க வச்சோம்னு நினைப்பு நிக்காது. "நீ கணக்குக் கேட்டப்ப எனக்கு நெசமாவே தெரியலை. நான்தான் எடுத்துச் செலவு பண்ணிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு"ன்னாங்க.

இன்னொண்ணும் சொன்னாங்க. ஒரு மாசம் தீட்டு வராது, அடுத்த மாசம் 20 நாள் நிக்காது. நம்ம பாட்டிமார் பெரும்பாடுன்னு சொல்வாங்களே, அது. தோட்டத்துல மறைவுக்கு ஏலச்செடிதான். மழையில துணி மாத்த இடம் கிடையாது, போகாட்டி அன்னைக்குக் கூலி கிடையாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டியிருக்காங்க. கர்ப்பப்பையை எடுத்திரணும், விட்டா கேன்சராகும், 50,000 ரூபாய் ஆகும்னு சொல்லிட்டாங்களாம்.

"குழுவுல கடன் கேக்கணும்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். அன்னைக்குத்தான் நீ என்னைக் கணக்குக் கேட்ட."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கடன் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கடனுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல ஆடு, தையல் மிஷின், திராட்சைப் பந்தல் செலவு, காதுகுத்து, பள்ளிக்கூடப் பீஸ்னு விதவிதமா எழுதியிருக்கேன். நடுநடுவுல "வைத்தியச் செலவு". அதுல நாலு எதுக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். நாலும் கர்ப்பப்பை எடுத்தது. ஒருத்தருக்கும் 42 வயசைத் தாண்டலை. அதுல ஒண்ணு என் கூடப்பிறந்த அக்கா. நாங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பிக்கு ஒரே வீட்டுல வாக்கப்பட்டவங்க. அவளுக்கு அப்ப 34 வயசு. 40,000 ரூபாய், ஜாமீன் கையெழுத்து நான்.

ஆடு வாங்க 15,000 கேட்டா, வீட்டுக்கே போய் ஆட்டைப் பார்த்து, பல்லைப் பிடிச்சுப் பார்த்து, ஃபோட்டோ எடுக்கிறோம். கர்ப்பப்பைக்கு 40,000 கேட்டப்ப ஏன் எடுக்கணும், வேற யார்கிட்டயாவது காட்டினியான்னு ஒரு வார்த்தை நாங்க கேக்கலை. பாவம்னு சொல்லிப் பாஸ் பண்ணினோம். அக்காவுக்கு அதோட முட்டைப் பையையும் சேர்த்து எடுத்திருக்காங்கன்னு ரொம்பப் பின்னாலதான் தெரிஞ்சது. ஆபரேசன் முடிஞ்ச சில நாள்லயே காந்தல், வேர்வை, மூட்டு வலி, எதுக்கெடுத்தாலும் அழுகை. "ஆபரேசன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு நாங்களே சமாதானம் சொன்னோம். கடன் தவணையை மட்டும் ஒரு மாசம் தவறாம வாங்கினோம்.

சரி, பிரதிநிதி அக்கா கதைக்கு வர்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவங்களும் பஸ் ஏறி, தேனியில மாறி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம்னா கூட்டம். சீட்டுப் போட்டு, உட்கார்ந்து, ஸ்கேனுக்கு ஒரு தடவை, முடிவுக்கு ஒரு தடவைன்னு மூணு நாள் அலைஞ்சோம். பொய் சொல்ல மாட்டேன், கால் வலிச்சுது. ரெண்டாம் நாள் நாங்களே சண்டை போட்டுக்கிட்டோம். ஆனா ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தாங்க. கர்ப்பப்பை உள்சவ்வுல துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க. கேன்சர் இல்லைன்னு வந்துச்சு. ரத்தம்தான் ரொம்பக் குறைவு. அதுக்கும் போக்கைக் கட்டுப்படுத்தவும் மாத்திரை கொடுத்தாங்க. 50,000 கடன் கேக்க வேண்டி வரலை.

அங்க இருந்த டாக்டரம்மா பொறுமையாச் சொன்னதை நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். நம்ம நாட்டுல பெண்களுக்குத் தீட்டு நிக்கிறது சராசரியா 46, 47 வயசுல. மேல்நாட்டுல 51. ஒரே நாள்ல குழாயை அடைக்கிற மாதிரி நிக்காது. நிக்கிறதுக்கு நாலஞ்சு வருசம் முன்னாடியே முட்டைப் பையிலிருந்து ஊறுற ஹார்மோன் ஏறும், இறங்கும். அந்த ஏத்த இறக்கத்துலதான் காந்தல், வேர்வை, தூக்கம் கெடுறது, மறதி, படபடப்பு, சிடுசிடுப்பு, மூட்டு வலி, தீட்டு முன்னப் பின்ன ஆகுறது எல்லாம். தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாத்தான் நின்னுருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்பு உண்டு. மருமக எடுக்கிற நேரத்துல மாமியாருக்கு நாள் தள்ளிப்போய், ஊரே பேசின கதை நமக்கெல்லாம் தெரியும், சிரிக்காதீங்க.

கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும்னு இருக்கிறவங்களும் உண்டு. கேன்சர், ரொம்பப் பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத போக்கு, கர்ப்பப்பை அடி இறங்குறது, இப்படி. அவங்க எடுக்கத்தான் வேணும், பயப்பட வேண்டாம். ஆனா போக்கை அடக்க மாத்திரை இருக்கு, காப்பர்-டி மாதிரி உள்ள வைக்கிற மருந்து வச்ச சாதனம் இருக்கு. அதெல்லாம் பார்க்காம முதல்லயே கத்தி வேண்டியதில்லை. முட்டைப் பையையும் சேர்த்துச் சின்ன வயசுல எடுத்தா, பத்து வருசம் கழிச்சு வர வேண்டியது மறுநாளே வந்திரும். எலும்பு சீக்கிரம் தேயும், இருதயத்துக்கும் ஆபத்து கூடும். இதை எழுதுறப்ப எனக்குக் கை நடுங்குச்சு, என் அக்காவைத்தான் நினைச்சேன்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதில்லை. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டம்னு ஒண்ணு. அங்கிருந்து பெண்கள் புருசனோட ஜோடியா கரும்பு வெட்டப் போவாங்க. ஒரு நாள் வேலைக்கு வராட்டி மேஸ்திரி அபராதம் பிடிப்பான். தங்குற இடத்துல கக்கூஸ், குளியலறை கிடையாது. தீட்டே வேண்டாம்னு சின்ன வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துக்கிட்டாங்க, அதுக்கும் அட்வான்ஸ் கடன் வாங்கி. 2019-ல அரசாங்கம் குழு போட்டு விசாரிச்சப்ப, 82,000-க்கும் மேற்பட்ட பெண்கள்ல 13,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு எடுத்திருக்குன்னு தெரிய வந்துச்சு. கரும்புக்குப் பதிலா ஏலக்காய்னு போட்டுப் பாருங்க, நம்ம ஜீப்பு கண்ணுல தெரியும். தேவையில்லாமக் கர்ப்பப்பை எடுக்கிறதைத் தடுக்க மத்திய அரசு போட்ட விதிமுறைகளை எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்தணும்னு உச்ச நீதிமன்றமே 2023-ல சொல்லியிருக்கு.

அமெரிக்காவுல 1996-லிருந்து பெண்களை வருசக் கணக்காத் தொடர்ந்து பார்த்து ஒரு ஆராய்ச்சி நடத்தியிருக்காங்க. அடிக்கடி காந்தல் வந்த கறுப்பினப் பெண்கள்ல பாதிப் பேருக்கு அது 10 வருசத்துக்கு மேல நீடிச்சிருக்கு. வெள்ளைக்காரப் பெண்களுக்கு அந்தக் கணக்கு ஆறரை வருசம்தான். கர்ப்பப்பை எடுக்கிறதும் கறுப்பினப் பெண்களுக்குத்தான் அதிகம். நாங்க சொல்ற வலியை டாக்டருங்க காதுல வாங்குறதில்லைன்னு அவங்க பல காலமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவங்கள்லயே பெரிய இடத்துல இருந்தவங்க, ஜனாதிபதியா இருந்த ஒபாமாவோட மனைவி மிஷெல் ஒபாமா. 2020-ல அவங்களே வெளிப்படையாப் பேசினாங்க, ஜனாதிபதி ஹெலிகாப்டர்ல போறப்ப திடீர்னு உடம்புக்குள்ள தீ வச்ச மாதிரி ஆயிருச்சுன்னு. அவங்களுக்கு ஹெலிகாப்டர்ல வந்துச்சு, நம்ம அக்காவுக்கு ஜீப்புல வந்துச்சு.

நம்ம பக்கம் தீட்டு நின்னாச் சந்தோசப்படுறவங்களும் நிறைய. வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி நேர்ந்தா நாள் எண்ண வேண்டாம். ஐயப்பனுக்கு மாலை போடலாம். எங்க மாமியார், "விட்டுச்சுடா சனியன்"னு தலைக்கு ஊத்திக்கிட்டு நேரா கோயிலுக்குப் போனாங்க. அந்த நிம்மதி நிசம், நான் குறை சொல்லலை. ஆனா அதுக்கு முந்தின அஞ்சு வருசம் அவங்க எதுக்கெடுத்தாலும் என்னைக் கடிச்சது, நடு ராத்திரி முத்தத்துல போய் உட்கார்ந்திருந்தது, எல்லாம் இப்பத்தான் எனக்கு விளங்குது. மாமியார் கொடுமைன்னு எங்க அம்மாகிட்டப் போய் எத்தனை தடவை அழுதிருக்கேன்.

என்ன செய்யலாம்னு கேட்டா, வீட்டுல செய்யக்கூடியதும் இருக்கு. கேப்பை, எள்ளு, முருங்கைக்கீரை, மோர் எல்லாம் எலும்புக்கு ஆகும். சாயங்காலத்துக்கு மேல டீ, காப்பியைக் குறைச்சாத் தூக்கம் கொஞ்சம் தேவலை. பருத்தித் துணி. நடக்கிறது நல்லது, அது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தல் தாங்க முடியாட்டி ஹார்மோன் மாத்திரை இருக்கு. அது எல்லாருக்கும் ஆகாது, மார்புல கேன்சர் வந்தவங்களுக்கு, ரத்தம் உறைஞ்சவங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும், மெடிக்கல்ல நாமளே கேட்டு வாங்கக் கூடாது. ஒரு வருசம் நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே போய்க் காட்டணும், அதுதான் கேன்சரா இருக்க வாய்ப்புள்ள அறிகுறி. "திரும்ப வயசுக்கு வந்துட்டேன்"னு கேலி பேசிட்டு விட்டிரக் கூடாது. 30 வயசுக்கு மேல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கர்ப்பப்பை வாய்க்கும் மார்புக்கும் சோதனை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சதிலிருந்து நம்ம குழுப் பெண்களே தன்னார்வலரா வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. தீட்டு நின்ன பிறகு பிரஷர் கூடும், அவங்க வர்றப்பக் கதவைச் சாத்தாதீங்க.

(மேடையில கூச்சப்பட்டு விட்டதை மலர்ல எழுதிடுறேன். அந்த இடம் வறண்டு போய் எரிச்சல், நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். புருசன்கிட்டப் போறதே வலியா இருக்கும். ஆசை இல்லைன்னு அவர் நினைப்பார், வலின்னு நாம சொல்ல மாட்டோம். அதுக்குத் தடவுற மருந்து இருக்கு. டாக்டரம்மாகிட்ட வாய் விட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்.)

இப்பக் கணக்குக்கு வர்றேன். எங்க குழுவுல தீர்மானம் போட்டு ஒன்றரை வருசம் ஆச்சு. கர்ப்பப்பை ஆபரேசனுக்குக் கடன் கேட்டா இல்லைன்னு சொல்றதில்லை. ஆனா முதல்ல குழுவிலிருந்து ஒருத்தர் கூடப் போய் அரசு ஆஸ்பத்திரியில இன்னொரு டாக்டர்கிட்டக் காட்டணும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு குழுவோடது. கூடப் போறவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சுன்னா அதுல பாதி குழு கொடுக்கும். பாதிதான் முடியுது, முழுசும் கொடுக்க வட்டி வருமானம் பத்தலை. மாசத்துல ஒரு கூட்டத்துல கணக்கை முடிச்சதும் அரை மணி நேரம் உடம்பைப் பத்தி மட்டும் பேசுறோம். அதுக்கு நோட்டு கிடையாது, எழுத மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். முதல் ரெண்டு மாசம் ஒருத்தரும் பேசலை. தரையைக் கீறிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மூணாவது மாசம் எங்க அக்கா பேசினா. அவ பேசினதுக்கப்புறம் அரை மணி நேரம் பத்தலை. இந்த ஒன்றரை வருசத்துல மூணு பேர் கடனுக்கு வந்தாங்க. கூடப் போய்க் காட்டினோம். ஒருத்தருக்கு எடுக்கணும்னாங்க, எடுத்தாங்க, நல்லா இருக்காங்க. ரெண்டு பேருக்கு வேண்டாம்னு மருந்து கொடுத்திருக்காங்க.

கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். இந்தத் தீர்மானத்தை எல்லாக் குழுவுக்கும் பொதுவாப் போடணும். ரெண்டாவது, ஜீப்புல பெண்களைக் கூட்டிட்டுப் போற மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, தோட்டத்துல கதவு வச்ச கக்கூஸ் வேணும்னு கூட்டமைப்பு பேர்ல பேசணும். ஒவ்வொருத்தியாக் கேட்டா நாளைக்கு ஜீப்புல இடம் இருக்காது. எல்லாக் குழுவும் சேர்ந்து கேட்டா ஜீப்புதான் காலியாப் போகும்.

நான் சொன்ன அக்கா இப்பவும் பிரதிநிதிதான். வங்கிக்கு அவங்கதான் போறாங்க. வசூல் பணத்தைக் கொடுத்ததும் நான் என் நோட்டுல எழுதுறேன், அவங்க ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கம்மலோட சேர்த்துச் சுருக்குப் பையில போட்டுக்கிறாங்க. கம்மலை அவங்க திரும்பக் காதுல போடலை. ஏன்னு நான் கேக்கலை.

வர்ற செவ்வாய்க்கிழமை க.விலக்குக்கு நாலு பேர் போறோம். முதல் பஸ்ஸுக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டுல நிப்போம். வர்றவங்க சாப்பாடு முடிஞ்சதும் என்கிட்டப் பேரு கொடுங்க. பழைய சீட்டு, ஸ்கேன் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க.